இல்ஹாமின் ஈரல் பங்கு

விடிந்ததும் ஆசியா உம்மாவின் முதல் வேலை, பிரிஜ்ஜுக்குக் கீழே தேங்கிக் கிடக்கும் தண்ணீரை எடுப்பது. புருசன் பக்கீர் முகைதீன் உடுத்துக் கிழிந்த பழைய சாறன் ஒன்றை நாலாக மடித்துக்கொண்டு குந்துவாள். கையை அடியில் விட்டுத் துழாவித் துடைத்து அலுமினியச் சட்டிக்குள் பிழிவாள். திரும்பவும் துடைப்பாள். முன்னெல்லாம் ஒரு பிழிச்சலோடு முடிந்த வேலை. இப்போது சட்டி அரைவாசிக்கு வருகிறது. தண்ணீரில் இலேசாக ஒரு சிவப்பும் தெரிகிறது. புருசன் முகம் கழுவி வருவதற்குள் அதைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிடுவாள்.

"சாறனத் தாகா, நான் துடைக்கிறன். உனக்கு முழங்கால் ஏலாதே" என்று அவர் சில நாள் கேட்பார்.

"நீங்க போய் மீனப் பாருங்க. இது என்ட வேல."

அவர் போய்விடுவார். கடலில் தோணி விட்டிருந்த மனிசன். கடல் பொங்கி வந்து தோணியையும் வலையையும் வீட்டையும் கொண்டுபோன பிறகு, கல்முனைக்குடிக் கரையில் மீன் வாங்கி, இலேசான வெள்ளை றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, சைக்கிளில் கட்டிப் பாண்டிருப்பு வரை கூவி விற்றுவிட்டு வருகிறார். வயலை நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு கீழ்வீடு. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு குசினி. கூடத்தில் முக்கால்வாசியை அந்தப் பிரிஜ்தான் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஐப்பசி அது. மழை பிடிக்கவில்லை, புழுக்கம் தாங்க முடியவில்லை. பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைத்த பருப்பு நுரைத்தது, பால் திரைந்தது. அதற்கெல்லாம் ஆசியா உம்மா கவலைப்படவில்லை. ஒருநாள் காலையில் மேலே ஐஸ் பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தபோது, கல்லாக இருக்கவேண்டியது ஓரத்தில் சற்றே அமுங்கியது. அன்றைக்கே சந்தைத் தெருவுக்கு ஆளனுப்பி, பிரிஜ் திருத்துகிற றஸாக்கைக் கூப்பிட்டாள்.

றஸாக் வாயும் கையும் ஒன்றாக ஓடுகிற ஆள். வந்ததும் வாசலில் இருந்த பக்கீர் முகைதீனுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பிரிஜ்ஜைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான்.

"ராத்தா, இவருக்கு என்ன வருத்தமாம்?"

"குளிருதில்ல தம்பி. சத்தம் மட்டும் வருது."

"பிளக்கெல்லாம் சரி. கரண்டும் ஒழுங்கா வருது." டெஸ்டரை உதறிச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிரிஜ்ஜை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கு இழுத்தான். பின்பக்கக் கறுத்தக் கம்பியெல்லாம் தூசி, பஞ்சு மாதிரி. "சுவரோட ஒட்டி வெச்சிரிக்கீங்களே! பிரிஜ்ஜுக்கும் வீட்டு மாப்பிள்ளமாருக்கும் ஒரே குணம் ராத்தா. முதுகுக்குக் காத்து வேணும். இல்லாட்டிச் சூடேறிடும்."

"இந்த வீட்டு மாப்பிள்ளைக்கு முதுகும் இல்ல, சூடும் இல்ல" என்றாள் ஆசியா உம்மா.

"இரிந்த முதுகு மீன்பெட்டி தூக்கியே போயிட்டு" என்று வாசலிலிருந்து பதில் வந்தது.

றஸாக் சிரித்துக்கொண்டே தூசியைத் தட்டினான். நாள்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து வாங்கி, கதவுக்குள் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்த்தான். மேற்பக்கம் தாள் இறுகிப் பிடித்தது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. "றப்பர் கொஞ்சம் தளந்து போச்சு. சுடுதண்ணித் துணியால ஒத்தி எடுத்தாச் சரிவரும். ஆனா இதில்ல வருத்தம்." குளிர் கூட்டுகிற திருகைப் பார்த்தான். ஏழில் நின்றது. "இதுக்கு மேல கூட்டுறத்துக்கு இலக்கமே இல்ல" என்று நாலுக்குத் திருப்பினான். பிறகுதான் ஐஸ் பெட்டியைப் பார்த்தான்.

அந்தச் சின்னக் கதவு மூடிய நிலையில் இல்லை. ஐஸ் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே பிதுங்கியிருந்தது. உள்ளே தட்டுமில்லை, இடமுமில்லை. வெள்ளையாக ஒரே பாறை. பாறைக்குள்ளே மங்கலாகப் பொலித்தீன் நிறம்.

"யா அல்லாஹ்! ராத்தா, இதென்ன ஐஸ் பக்டறியா?"

"ஐஸ் இரிக்கத்தானே வேணும்?"

"இந்த அளவுக்கா? இது தானா ஏறின ஐஸ் இல்லியே. ஆரு தண்ணி ஊத்தின?"

"நான்தான்." ஆசியா உம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "அவர் மீனுக்கு ஐஸ் போடுறல்லியா? நெறய ஐஸ் போட்டா மீன் நெறய நாளைக்கு நிக்கும்தானே. உள்ளுக்கு இரிக்கிறது பழுதாகப்படாது எண்டு அப்பப்ப ஒரு கோப்ப தண்ணி ஊத்துற."

றஸாக் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"மீன்பெட்டிக்குள்ள ஐஸ்தான் குளிரக் குடுக்கிற. இதுக்குள்ள குளிரக் குடுக்கிறது இந்தத் தகடு. தகட்டுக்கு மேல ஐஸ் ஏறினா, அது கம்பளி போத்தின மாதிரி. தகடு நல்லாக் குளிர்ந்திட்டு எண்டு மெசின் நினைச்சி இடைக்கிட நிண்டிரும். கம்பளிக்கு இஞ்சால எல்லாம் சூடாகிக் கிடக்கும். அது மெசினுக்குத் தெரியா."

"அப்ப நான் ஊத்தின தண்ணிதான் பழுதாக்கினதா?"

"பிரிஜ் பழுதில்ல ராத்தா. கேஸும் இரிக்கி, மெசினும் நல்லம். ஒண்டும் மாத்தத் தேவல்ல. பிளக்கக் கழட்டிப் போட்டுக் கதவத் தொறந்து விடுங்க. ஒரு பகல் கிடந்தாத் தானாக் கரையும். கத்தியால குத்திப்போடாதீங்க, தகட்டுக்குள்ள கேஸ் ஓடுற குழாய் இரிக்கி. உள்ளுக்கு இரிக்கிறத எல்லாம் வெளியில எடுத்து…"

"நிப்பாட்ட ஏலா."

"ஒரு பகல்தானே?"

"ஏலா எண்டு சொன்னனே. நிப்பாட்டாமச் செய்யிறதெண்டாச் செய்ங்க."

"அப்பிடி உள்ளுக்கு என்னதான் இரிக்கி ராத்தா, தங்கமா?"

வாசலில் பக்கீர் முகைதீன் இருமினார். இருமலுக்கான இருமல் அல்ல அது. றஸாக் திரும்பிப் பார்த்தான், பிறகு பாறைக்குள்ளே தெரிந்த பொலித்தீனைப் பார்த்தான். ஊரில் பலரும் அறிந்திருந்த சங்கதி அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதன்பிறகு பகிடி ஒன்றும் விடவில்லை. பிரிஜ்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தி, சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, றப்பரைத் துணியால் ஒத்தினான். தேநீரைக் குடித்துவிட்டு, "கரைச்சாத்தான் ராத்தா சரிவரும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

பாறைக்குள் இருந்தது ஈரல். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு துண்டாக, தனித்தனிப் பொதியாக இருந்தது. எல்லாம் இல்ஹாமின் பங்கு.

இல்ஹாம், காத்துக் கிடந்து பெற்ற ஒரே பிள்ளை. சம்மாந்துறையில் இருக்கிற ஆசியா உம்மாவின் தங்கச்சி ஹாஜறாவின் வீட்டில் வருசா வருசம் குர்பான் கொடுப்பார்கள். ஹஜ்ஜுத் தொழுகை முடிந்து மாடு அறுத்ததும், இறைச்சியைப் பங்கு பிரிப்பதற்கு முன்னமே ஈரலை எடுத்து உப்பும் மிளகும் போட்டு வாட்டுவார்கள். அதைத் தின்றுதான் அன்றைய நாளை அந்த வீட்டார் தொடங்குவார்கள். கடல் வந்த வருசத்து ஹஜ்ஜுக்கு இல்ஹாம் அடுப்படியை விட்டு அசையவில்லை. பெரிய துண்டு அவனுக்குத்தான் கிடைத்தது. கையெல்லாம் மிளகாக நின்றுகொண்டு, "உம்மா, அடுத்த ஹஜ்ஜுக்கும் பெரிய துண்டு எனக்குத்தான். சாச்சிர புள்ளைகளுக்குக் குடுக்கப்படாது" என்றான். "ஓம் மனே, உனக்குத்தான்" என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த வருசம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. "வாப்பாவத் தேத்தண்ணி குடிக்க வரச்சொல்லு" என்று ஆசியா உம்மா அவனைக் கரைக்கு அனுப்பியிருந்தாள். வாப்பா அதற்கு முன்னமே மீனைக் கொண்டு பெருந்தெருப் பக்கம் போய்விட்டார். மகன் மணலில் தோணிக்குப் பக்கத்தில் வாப்பாவைத் தேடிக்கொண்டு நின்றிருப்பான். இவளைத் தண்ணீர் தூக்கி ஒரு முருங்கைமரக் கிளையோடு செருகிவிட்டுப் போனது. அவன் கிடைக்கவில்லை. ஆயிரம் ஜனாஸாக்களைப் பார்த்தார் பக்கீர் முகைதீன். முகமிருந்தவை, முகமில்லாதவை. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துத் தாங்காமல், கடைசியில் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். பெருங்குழிகளில் ஊரே அடங்கியது. மகனை அதற்குள் வைத்தார்களா, கடல் வைத்துக்கொண்டதா, அவருக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது, காரைதீவுப் பக்கத்து மனிசி ஒருத்தி, மஞ்சள் சட்டை போட்ட பையன் ஒருவனைத் தாழம்பற்றைக்குள்ளிருந்து உயிரோடு எடுத்து லொறியில் ஏற்றியதைக் கண்டதாகச் சொன்னாள். இல்ஹாம் அன்று மஞ்சள் சட்டைதான் போட்டிருந்தான். மஞ்சள் சட்டை அவனுக்கு மட்டுமா இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்பாறை, மட்டக்களப்பு, பொலன்னறுவை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இருவரும் அலைந்தார்கள். கிடைக்கவில்லை. பிறகு யாரோ, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்க்கிற இல்லங்கள் வடக்கே வன்னியில் இருக்குதாம் என்றார்கள். அந்தச் சொல்லை ஆசியா உம்மா பிடித்துக்கொண்டாள். அடுத்த வருசமே சண்டை மூண்டு வன்னிக்குப் போகிற பாதையும் பூட்டப்பட்டது. பாதை பூட்டியிருந்தால் பிள்ளை எப்படி வருவான்? பாதை பூட்டியிருக்கும் வரைக்கும் அவன் வராததற்கு ஒரு காரணம் இருந்தது.

கடல் வந்து ஒரு வருசம் ஆனபோது பக்கீர் முகைதீன், இறந்தவர்களுக்காக ஓதுகிற கத்தத்தை மகனுக்கு ஓத ஏற்பாடு செய்தார். அவள் அடுப்பு மூட்ட மறுத்துவிட்டாள். "ஹயாத்தோட இரிக்கிற புள்ளைக்குக் கத்தமா? வாய் வந்த மனிசன்ட வாய்க்கு அல்லாஹ்தான் பூட்டுப் போடணும்." பக்கத்து வீட்டில் சோறாக்கிக் கொண்டுவந்தார்கள். ஓத வந்தவர்கள் மெதுவாக ஓதிவிட்டு மெதுவாக எழும்பிப் போனார்கள்.

கடல் வந்தபின் முதல் ஹஜ்ஜு, அகதியாக இருக்கும்போதே வந்தது. தங்கச்சி சட்டியில் ஈரல் கொண்டுவந்தாள். ஆசியா உம்மா பெரிய துண்டை எடுத்துத் தனியே கட்டி, "இத உன்ட பிரிஜ்ஜில வை. அவன் வரக்குள்ள கேப்பான்" என்றாள். ஹாஜறா மறுக்கவில்லை. அடுத்த வருசமும் வைத்தாள். அதற்கடுத்த வருசம், வேறு பிரிஜ் வாங்குகிற சாட்டில், இரண்டு பொதியோடு சேர்த்துப் பழைய பிரிஜ்ஜை ராத்தாவின் வீட்டுக்கே ஏற்றி அனுப்பிவிட்டாள். அவளுடைய பிள்ளைகள் அந்தப் பொதியைக் கண்டால் பயந்தார்கள். அதை அவள் ராத்தாவிடம் சொல்லவில்லை.

இந்த வருசம் வைகாசியில் சண்டை முடிந்தது. சந்தியில் பட்டாசு கொளுத்தினார்கள், தெருவில் மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். கல்முனையில் தமிழர் பக்கம் கடைகள் பாதி சாத்திக் கிடந்தன. பக்கீர் முகைதீன் மீன் விற்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். வீட்டில் ஆசியா உம்மா தலைவாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இனிப் பாதையத் தொறப்பாங்கதானே?" என்றாள்.

அவர் சைக்கிளைச் சாத்தினார். அவள் பார்த்துக்கொண்டிருந்த பாதை அவருக்குத் தெரியும். அந்தப் பாதை திறக்கக்கூடாது என்றே தான் இத்தனை நாளும் அல்லாஹ்விடம் துஆக் கேட்டிருந்தது அன்றைக்குத்தான் அவருக்கே விளங்கியது.

பாண்டிருப்பில் அவரிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் புண்ணியமூர்த்தி என்ற வயல்காரரின் தம்பி குடும்பம் வன்னியில் இருந்தது. சண்டைக்குள்ளிருந்து வந்த ஆட்களை வவுனியாவுக்கு அங்கால் முகாம்களில் வைத்திருக்கிறார்களாம், தேடிப் போகப்போகிறேன் என்று அவர் சொன்னார். ஆசியா உம்மாவின் காதில் அது விழுந்ததும் புருசனின் பயணப்பையை எடுத்துத் தட்டினாள்.

பள்ளிக்கூடத்து வறுத்த கடலைக் கடைகளுக்குப் பக்கெட் என்கிற சின்னப் பொலித்தீன் பை ஒட்டிக் கொடுப்பதுதான் அவளுடைய கைத்தொழில். மெழுகுதிரிச் சுவாலையில் பொலித்தீன் விளிம்பைக் காட்டி, இரண்டு மடிப்பாக மடித்து, கத்தி முதுகால் அழுத்துவாள். அப்படியொரு ஒட்டு வேறு யாருக்கும் வராது. தங்கச்சி வீட்டில் மிஞ்சியிருந்த இல்ஹாமின் பள்ளிக்கூடப் படத்தை ஒரு தாளில் சுற்றி, மழைக்கும் வியர்வைக்கும் படாமல் பொலித்தீனுக்குள் வைத்து, அதே மாதிரி ஒட்டிக் கொடுத்தாள்.

"பிச்சி எடுத்துத்தான் காட்டணும். எல்லாருக்கும் காட்டுங்க. இப்ப அவனுக்குப் பன்னிரண்டு. உசந்திரிப்பான் எண்டும் சொல்லுங்க."

அவரும் புண்ணியமூர்த்தியும் பஸ் மாறி மாறிப் போனார்கள். உள்ளே விடவில்லை. முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் ஆட்கள், அந்தப் பக்கம் ஆட்கள். பெயர் சொல்லிக் கத்தினால் யாராவது போய்க் கூப்பிட்டு வருவார்கள். புண்ணியமூர்த்தி தொண்டை கட்டக் கத்தினார். வெகுநேரம் கழித்துத் தம்பியின் பெண்சாதி வந்தாள், தனியே வந்தாள். மற்றவர்கள் எங்கே என்று புண்ணியமூர்த்தி கேட்கவில்லை. கம்பிக்குள்ளால் கையை விட்டு அவளுடைய விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கீர் முகைதீன் பையைத் திறந்தார். கையில் அந்தப் பக்கெட் தட்டுப்பட்டது. அப்போது கம்பிக்கு அங்கால் நின்ற ஒரு பெண், அவருடைய தொப்பியைப் பார்த்தோ என்னவோ, கிட்ட வந்து ஒரு படத்தை நீட்டினாள். மீசை அரும்பிய ஒரு பையன். "ஐயா, வெளியில எங்கயும் கண்டனீங்களா?" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் படங்களோடு நின்றார்கள். அவர் ஒவ்வொரு படத்தையும் வாங்கிப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். பைக்குள் வைத்த பக்கெட்டை அவர் வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆசியா உம்மா செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு நின்றாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டன்."

"எல்லா இடமும்?"

"ஓம்."

"படம்?"

"அலுமாரிக்குள்ள வெச்சிரிக்கன்."

அவள் அலுமாரியைத் திறக்கவில்லை. படத்தை எடுத்துப் பார்க்கிற பழக்கம் அவளிடம் இல்லை. படத்தில் இருந்தவனுக்கு ஏழு வயது. அவள் வளர்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பன்னிரண்டு.

றஸாக் வந்துபோன பிறகும் அவள் பிரிஜ்ஜை நிறுத்தவில்லை. மழை பிடித்தது. துடைக்கிற தண்ணீர் கூடியது. ஒரு நாள் ஹாஜறா போன் எடுத்தாள்.

"ராத்தா, ஹஜ்ஜு கிட்ட வந்திட்டு. இந்த முறையும் ஈரல் எடுத்து வைக்கிறதா?"

"இதென்ன புதுக் கேள்வி? எடுத்து வை."

"அதில்லகா. அந்தப் பிரிஜ்ஜுக்குள்ள இடம் இரிக்கா எண்டு கேட்ட."

ஆசியா உம்மா போனை வைத்துவிட்டுப் போய் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். இடமில்லை. ஒரு விரல் வைக்கவும் இடமில்லை. இந்த வருசத்துப் பங்கை எங்கே வைப்பது? அன்று பின்னேரம் புருசனிடம் சொன்னாள்: "நாளைக்கு மீனுக்குப் போகாதீங்க. பெட்டியக் கழுவி, ஐஸ் உடைச்சிக் கொண்டாங்க. கரைக்கிற வரைக்கும் அதுக்குள்ள வெச்சிட்டு, திரும்ப உள்ளுக்கு வைப்பம்."

பக்கீர் முகைதீன் பெட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். மோந்து பார்த்தார். திரும்பவும் தேய்த்தார்.

"இன்னும் வெடுக்கு அடிக்கிதா?" என்று அவளிடம் நீட்டினார்.

"உங்களிட்டத்தான் அடிக்கிது. பெட்டி நல்லம்" என்றாள். வெகுகாலத்துக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, பிஸ்மி சொல்லி ஆசியா உம்மாவே பிளக்கைக் கழற்றினாள். இரைச்சல் ஒரு குலுக்கலோடு நின்றது. வீட்டுக்குள் இவ்வளவு காலமும் அந்தச் சத்தம் இருந்தது, அது போன பிறகுதான் தெரிந்தது. வெளியே மழை பெய்வதும், மேல்வீட்டில் யாரோ தேங்காய் துருவுவதும் கேட்டன. கதவைத் திறந்து வைத்துவிட்டு இருவரும் பிரிஜ்ஜுக்கு முன்னால் தரையில் இருந்தார்கள். முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு நூல், பிறகு வழிந்தது. அன்றைக்குத் துடைக்கிற சாறனை அவரிடமும் கொடுத்தாள். அவர் பிழிய அவள் துடைத்தாள், அவள் பிழிய அவர் துடைத்தார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முந்தி முதல் பொதி கழன்று வந்தது. போன வருசத்தது. கையில் எடுத்தபோதே கொழகொழவென்றிருந்தது. மணமும் வந்தது. பக்கீர் முகைதீன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் அதை மீன்பெட்டி ஐஸுக்குள் வைத்து மேலே ஐஸ் அள்ளிப் போட்டாள். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் இறுக்கம், ஆனால் பச்சையோடிக் கிடந்தது. இப்படி ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக, அகதியாக இருந்தபோது கட்டிய பொதி, தகட்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவர் இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி விட்டார். அது சத்தமில்லாமல் அவள் உள்ளங்கையில் விழுந்தது. பாரமே இல்லை. சாம்பல் நிறத்தில் மரப்பட்டைத் துண்டு மாதிரி இருந்தது. கட்டியிருந்த பொலித்தீன் தொட்டதும் பிரிந்தது.

"இதுக்குப் புதுப் பை வேணும்" என்று அந்தத் துண்டைக் கையில் ஏந்தியபடியே எழும்பி அறைக்குள் போனாள்.

பக்கெட் ஒட்டுகிற பொலித்தீன் சுருள் அலுமாரியின் கீழ்த்தட்டில் முடிந்திருந்தது. மேல்தட்டில் இருக்குமா என்று, புருசனின் பெருநாள் சாறனுக்கு அடியில் மற்றக் கையை விட்டாள். பொலித்தீன் தட்டுப்பட்டது. இழுத்தாள்.

கூடத்தில் பக்கீர் முகைதீன் ஐஸ் பெட்டியைத் துணியால் உலர்த்திக்கொண்டிருந்தார். தகடு வெள்ளையாக மின்னியது. "பாருகா, புதுசு மாதிரி" என்று திரும்பினார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இது பிய்க்கல்ல" என்றாள் ஆசியா உம்மா.

அவர் துணியை மடித்தார்.

"நான் ஒட்டின ஒட்டு. அப்பிடியே இரிக்கி. ஒராளுக்கும் காட்டல்லியா?"

"கம்பிக்கு அங்கால ஒரு பொம்புள எனக்கிட்டப் படம் காட்டினா" என்றார் அவர். "அவட மகன். கண்டீங்களா எண்டு கேட்டா. இன்னும் ரெண்டு பேர் காட்டினாங்க. எல்லாம் சண்டைக்குள்ள கைய விட்டுப்போன புள்ளைகள். அவங்களுக்கிட்ட நான் எந்த வாயால கேக்கிற? எங்கிட புள்ள கடலோட போயிட்டான், ஆசியா."

அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பக்கெட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

"அவன் அந்தக் கம்பிக்கு அங்கால நிண்டிருந்தா?"

மகன் அங்கே நிற்கவில்லை என்று பக்கீர் முகைதீனுக்குத் தெரியும். நின்றிருந்தால் என்ற கேள்விக்கு அது பதில் இல்லை என்றும் தெரியும். குனிந்து, தரையில் கிடந்த பிளக்கை எடுத்தார். அதன் முள்ளைச் சட்டை நெஞ்சில் துடைத்தார். பிரிஜ் காய்ந்து, சுத்தமாக, வெறுமையாகத் திறந்து கிடந்தது. பக்கத்தில் மீன்பெட்டிக்குள் ஐஸ் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே வைத்திருந்த பொதியின் ஒரு மூலை ஏற்கனவே வெளியே தெரிந்தது.

"பிளக்கப் போடவா, ஆசியா?" என்று கேட்டார். "இதெல்லாத்தையும் திரும்ப உள்ளுக்கு வைக்கவா?"

ஆசியா உம்மா பெட்டியைப் பார்த்தாள். மூடி சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு நாளும் அவள் அதைத் திறந்தபடி விட்டிருக்கமாட்டாள். உள்ளங்கையில் இன்னும் இருந்த அந்தச் சாம்பல் துண்டை மற்றவற்றோடு வைத்தாள். ஐஸ் அள்ளிப் போடவில்லை, மூடியையும் எடுக்கவில்லை. ஈரக்கையைச் சாறனில் துடைத்தாள். பிய்க்காத பக்கெட்டை எடுத்துக்கொண்டு, கதவுச் சீலையை விலக்கி, அறைக்குள் போனாள்.